நூற்று முப்பத்தைந்து டிகிரி

எங்கள் ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு நான் ஓர் 'இனிமையான அனுபவம்' எழுதித் தர வேண்டுமாம். பிசியோதெரபி பிரிவில் எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் போன வாரம் வீடு தேடி வந்து கேட்டார்கள். முப்பது வருடமாக, வளைய மாட்டேன் என்று அடம்பிடித்த முட்டிகளோடும், வளைத்ததை மறுநாளே கெடுத்துக்கொண்டு வந்த மனிதர்களோடும் மல்லுக்கட்டியவள் நான். இனிமைக்கு எங்கே போவேன்?

வந்தவர்களில் ஒரு பெண் தன் செல்போனை என் காலின் மேல் வைத்து, மடக்கச் சொல்லி, "மேடம், உங்க முட்டி நூத்திப் பதினெட்டு புள்ளி நாலு டிகிரி மடங்குது" என்றாள். புள்ளி நாலாம்! கருவி சொல்வதை எழுதுவது பெரிய விஷயமில்லை, கண்ணு. கருவி ஒன்று சொல்லும்போது கை வேறொன்றை எழுதும் நாள் வரும். அதைப் பற்றித்தான் எனக்கு எழுத இருக்கிறது. மலரில் போடுவார்களா என்று தெரியவில்லை.

சென்னையில் படித்து முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சொந்த ஊரான திண்டுக்கல்லுக்கே வேலைக்கு வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தேன், பாதியை மறந்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, என்னை இந்த ஊரில் யாரும் பிசியோதெரபிஸ்ட் என்று அழைக்கப் போவதில்லை என்று. வலிக்கிற இடத்தில் மின்சார சிகிச்சை கொடுப்பதால் நான் 'கரண்டு வைக்கிற அம்மா'. தோள் தூக்க முடியாதவர் வருவார், பயிற்சி சொல்லிக் கொடுப்பேன், பத்து தடவை செய்யச் சொல்வேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்மா, கரண்டு எப்ப வைப்பீங்க?" என்பார். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

எங்கள் எலும்பு டாக்டரை எல்லோரும் பெரிய டாக்டர் என்போம். அவர் கத்த மாட்டார். கத்தினால்கூடத் தேவலை. நான் சேர்ந்த முதல் வாரம், ஒரு நோயாளியின் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். "பரவாயில்ல சார்" என்றேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"பரவாயில்லன்னா எத்தன டிகிரி?"

எனக்குத் தெரியவில்லை. அவரே எழுந்து வந்தார். நோயாளியைப் படுக்க வைத்தார். அடிபட்ட காலைத் தொடவே இல்லை, நல்ல காலைத்தான் முதலில் மடக்கினார். "இவருக்கு ஆண்டவன் குடுத்தது எவ்வளவுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். அப்பறந்தான் கொறஞ்சது எவ்வளவுன்னு தெரியும்" என்றார். அளக்க ஓர் எஃகுக் கருவி உண்டு. பள்ளிக்கூடத்துப் பாகைமானியில் இரண்டு ஸ்கேல்களைப் பொருத்தியது போல இருக்கும். அதன் நடுவை முட்டியின் வெளிப்பக்கத்தில் வைக்க வேண்டும். கருவியின் ஒரு கை தொடை நெடுகப் போய் இடுப்புப் பக்கத்து எலும்பு மேட்டை நோக்க வேண்டும். இன்னொரு கை வெளிக்கணுக்காலை நோக்க வேண்டும். நான் அளந்து எழுதியதை அவர் மறுபடி அளப்பார். ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நோட்டை என் பக்கம் தள்ளுவார்.

"ஸ்டெல்லா, மனசுக்குத் தோணுறத எழுதுற எடம் இல்ல இது."

அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது.

அவரிடம்தான் முட்டியைக் கற்றேன். முட்டி என்பது கதவுக் கீல் போல வெறுமனே திறந்து மூடும் சமாச்சாரம் இல்லை. தொடை எலும்பின் உருண்டை முனை, கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமேல் உருளும். உருண்டுகொண்டே போனால் பின்பக்கம் விழுந்துவிடும் என்பதால் கூடவே சறுக்கவும் செய்யும். நீட்டி முடிக்கிற கடைசிச் சில டிகிரியில், கீழ்க்கால் எலும்பு வெளிப்பக்கம் கொஞ்சம் திரும்பி இறுகிக்கொள்ளும். பேருந்து நிலையத்தில் நாம் தசைக்கு அதிக வேலை கொடுக்காமல் நெடுநேரம் நிற்க முடிவது அதனால்தான். இந்த உருளலையும் சறுக்கலையும் எல்லை மீறாமல் பிடித்து வைத்திருப்பவை எலும்பையும் எலும்பையும் கட்டுகிற நார்கள். ஊரில் ஜவ்வு என்பார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, உள்ளே ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு. முன்னால் இருக்கிறதே சில்லு, அதற்குக் கீழே பட்டையாக ஒரு நார் இறங்கிக் கீழ்க்கால் எலும்பில் பிடித்திருக்கும். தொடைத் தசை சில்லை இழுக்கும், சில்லு அந்த நாரை இழுக்கும், கால் நீளும். அந்த நார் அறுந்தால் தொடை எவ்வளவு முக்கினாலும் கால் தொங்கும்.

அப்படி அறுந்துதான் அருளப்பன் வந்தார்.

அரசுப் பேருந்து ஓட்டுநர். முப்பத்தைந்து வயது இருக்கும். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த கத்தோலிக்க விவசாயக் குடும்பம். வழியில் டயர் பஞ்சராகி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து கீழே குதித்திருக்கிறார். இடது கால் கல்லில் சறுக்கி மடங்க, பட்டென்று சத்தம். மூன்று நாள் முட்டை வெள்ளையும் பச்சிலையும் வைத்துக் கட்டிவிட்டு நாலாம் நாள் எங்களிடம் வந்தார். பெரிய டாக்டர் நல்ல காலை முதலில் தடவினார், பிறகு அடிபட்ட காலை. சில்லுக்குக் கீழே விரல் பொதுக்கென்று உள்ளே போனது. "சில்லு மேல ஏறிப் போச்சு. கட்டிவச்ச கயிறு அறுந்தா ஏறாம என்ன செய்யும்?" என்றார். அறுந்த நாரைத் தைத்து, தையல் இழுபடாமலிருக்க ஒரு கம்பியும் போட்டு, தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டுப் பிரித்த அன்று முட்டி முப்பது டிகிரிதான் மடங்கியது. அதைவிட மோசம், படுத்தபடி காலைத் தூக்கச் சொன்னால் முட்டி முழுசாக நீளாமல் இருபத்தைந்து டிகிரி தொங்கியது. இடது கால் என்றால் கிளட்ச்சை மிதிக்கிற கால். அது கடைசி வரை நீண்டு அழுத்தாவிட்டால் வண்டியைத் தொட முடியாது. மே மாதக் கடைசிக்குள் டாக்டரின் தகுதிக் கடிதத்தோடு வராவிட்டால் லைட் டியூட்டி என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். ஸ்டியரிங் பிடித்த மனிதன் டிப்போவில் பேப்பர் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். "அதுக்கு நா வீட்டுலயே இருந்துருவேன் மேடம்" என்று அருளப்பன் அழுதார்.

பவுடர் தூவிய பலகையில் குதிகாலைச் சறுக்கிச் சறுக்கி மடக்கப் பழக்கினேன். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்து, பத்து எண்ணு, விடு என்றேன். டிப்போ மெக்கானிக் ஒருவர் பழைய கிளட்ச் பெடலை ஸ்பிரிங்கோடு பலகையில் அடித்துக் கொண்டுவந்து தந்தார். அருளப்பன் அதை நாளெல்லாம் மிதித்தார். எனக்கு வாய்த்த ஆயிரம் பேரில் சொன்னதைச் சொன்னபடி செய்த ஒரே ஆள். மே மாதம் கால் முழுசாக நீண்டது. மடங்குவது நூற்றுப் பதினைந்து. பெரிய டாக்டர் மறுபடி அளந்தார், நோட்டை என் பக்கம் தள்ளவில்லை. தகுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

இங்கேயே முடிந்திருந்தால் மலருக்கான இனிமை கிடைத்திருக்கும். ஆனால் அருளப்பனின் அம்மா சூசையம்மாள் கதவோரமாக நின்றிருந்தார்.

ஒல்லியான தேகம், காதில் ஓட்டை மட்டும், கையில் எப்போதும் ஜெபமாலை. கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரியாயிருச்சுன்னு எழுதிருக்காகளா?" என்று மகனைக் கேட்டார். அவர் ஆமாம் என்றதும், "அப்ப அடுத்த மாசம் அந்தோணியார் திருவிழாவுக்கு முட்டி போட்டுரு" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்ததும் தலை சுற்றியது. ஆப்பரேஷன் நடந்த அன்று இந்த அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். மகனுக்குக் கால் சரியானால், ஊர்க் கோயில் முற்றத்து வாசலிலிருந்து பீடம் வரை அவன் முழங்காலாலேயே நடந்து வருவான் என்று. மொட்டை போடுகிறேன் என்றிருக்கலாம். மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்றிருக்கலாம். அறுந்து தைத்த அதே முட்டியால், சரளைக்கல் முற்றத்தில் நடந்து வருவானாம்! நானும் அதே சபையில் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் முட்டி வீங்கி என்னிடம் வருகிறவர்களை எண்ணி எண்ணி நொந்தவள்.

"ஏம்மா, நீங்க வேண்டுனதுக்கு அவரு காலா?" என்றேன்.

"எங்காலக் குடுக்குறேன்னுதான் மொதல்ல நெனச்சேன் தாயி. எங்காலு ஏற்கெனவே தேஞ்சு கெடக்கு. தேஞ்சத எப்புடிச் சாமிக்குக் குடுக்குறது?"

"இன்னும் சரியாகலம்மா. உள்ள கம்பி இருக்கு. தச்ச எடத்துலயே முழு ஒடம்பும் அழுத்தும். திரும்ப அறுந்தா வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சரியாகலையா? இப்பத்தான சரியாயிருச்சுன்னு கையெழுத்துப் போட்டாக? டிப்போவுக்கு மட்டும் சரியாயிருச்சு, அந்தோணியாருக்குச் சரியாகலையா? அவருக்குக் கோவம் வராதா?"

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க கோயில் விவகாரம். நீயே பேசு" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். கிளட்ச் மிதிக்கும்போது தையலின் மேல் எதுவும் முட்டாது, முழங்காலிட்டால் முட்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். "கேட்டேன். வேற எதாச்சும் செஞ்சுக்கலாம்ன்றாரு. நா சாமியாருட்டயா வேண்டுனேன்?" என்றார். எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது.

"என்ன சொல்லி வேண்டுனீங்க? அந்த வார்த்தையச் சொல்லுங்க."

"காலு சரியானா, முட்டி போட்டு வருவான்னு."

"சரியானாத்தான? சரியாயிருச்சான்னு யாரு சொல்லணும்? நாந்தான் சொல்லணும். அந்தக் காலு நூத்தி முப்பத்தஞ்சு டிகிரி மடங்குது. இந்தக் காலும் நூத்தி முப்பத்தஞ்சு வந்தாத்தான் சரி. அது வரைக்கும் வேண்டுதல் பாக்கின்னு அந்தோணியாருக்கே தெரியும்!"

வாயில் வந்ததைச் சொன்னேன். சூசையம்மாளின் உதடு அசைந்தது, எண்ணைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார் போல. பிறகு, "அப்புடின்னா அத எழுதிக் குடுங்க" என்றார்.

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். "எலும்பு டாக்டர் சாமிக்கு லெட்டர் எழுத வேண்டிய நெலம" என்று முணுமுணுத்துக்கொண்டே மருந்துச் சீட்டில் தமிழில் எழுதினார்: 'முழங்கால் நூற்றுப் பதினைந்து டிகிரி. இந்த ஆண்டு முழங்காலிடக் கூடாது. அடுத்த ஆண்டு பார்க்கவும்.' சூசையம்மாள் அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தோணியார் சொரூபத்தின் காலடியில் வைத்துவிட்டாராம். அருளப்பன் சொன்னார். நானும் டாக்டரும் அன்று சிரித்த சிரிப்பில் வார்டே எட்டிப் பார்த்தது.

அடுத்த வருடம் கம்பியை எடுத்தார்கள். திருவிழாவுக்கு முன்பு அம்மாவும் மகனும் வந்தார்கள். நூற்று இருபத்தெட்டு. எழுதிக் கொடுத்தேன். அந்த வருடக் கடைசியில் பெரிய டாக்டர் ஓய்வு பெற்று ஊரை விட்டே போனார்.

மூன்றாம் வருடம் வந்தார்கள். அன்று வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஒருத்தர் கட்டை அவரே பிரித்துக்கொண்டு வந்திருந்தார். இன்னொருத்தர் சுளுக்கு வழிக்கப் போய்த் தோள் மூட்டையே இறக்கிக்கொண்டு வந்திருந்தார். கரண்டு எப்போது என்று முன்வரிசையில் ஒரே சத்தம். நான் அருளப்பனைப் படுக்க வைத்தேன், முட்டியின் பக்கவாட்டில் கருவியை வைத்தேன், மடக்கினேன்.

நூற்று முப்பத்தைந்து.

நல்ல காலையும் அளந்தேன். அதுவும் அதுதான். நார் நன்றாகக் கூடியிருந்தது. கம்பியும் இல்லை. ஒரு தடவை முழங்காலில் நடந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அந்தச் சரளைக்கல் முற்றம்தான் கண்ணில் தெரிந்தது. இவர் நடந்தால் ஊரே பார்க்கும். அடுத்த வருடம் இன்னும் பத்து அம்மாக்கள் பத்து மகன்களின் முட்டியை வேண்டிக்கொள்வார்கள். எல்லாம் என் தலையில் வந்து விடியும். சலித்துப் போயிருந்தேன். நோட்டில் நூற்று முப்பது என்று எழுதினேன். சீட்டிலும் அதையே எழுதினேன். மறுபடி அளந்து நோட்டைத் தள்ள ஆள் இல்லை.

"இன்னும் அஞ்சுதானா தாயி?"

"அஞ்சுதாம்மா."

"குத்தவச்சு உக்காருறானே?"

"குத்தவைக்கிறது வேற, முட்டி போடுறது வேற. படிச்சவ சொல்றேன்ல?"

அருளப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஊருக்கு முன்னால் முழங்காலில் ஊர்ந்து வருவதில் அவருக்கும் விருப்பமில்லை என்று தெரிந்தது. அந்த வருடம் மட்டுமல்ல, பிறகு வருடா வருடம் அதே கூத்துதான். ஜூன் பிறந்தால் வருவார்கள். நான் கருவியை ஒப்புக்கு வைத்து எடுப்பேன். நூற்று முப்பது. நோட்டில் ஒரு வரி, கையில் ஒரு சீட்டு. எத்தனை பேருக்குத் தலைதலையாக அடித்துக்கொள்கிறோம், இவர்களையாவது ஒரு பொய்யால் சமாளித்தோமே என்று எனக்குக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் வருடம் அருளப்பன், "ஒரு தடவயாச்சும் எங்கூருத் திருவிழாவுக்கு வாங்க மேடம், வீட்டுல சாப்புடணும்" என்று கட்டாயப்படுத்தினார். போனேன். நல்ல வெயில். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டும் இடம் போதாமல் ஜனம். கொடிமரத்தடியில், பந்தலுக்கும் வெளியே, சூசையம்மாள் தனியாக நின்றிருந்தார். அறுபத்தைந்து வயது. இரண்டு முட்டியும் வெளிப்பக்கமாக வளைந்து, ஒரு காலுக்கு மறு காலை மாற்றி மாற்றி நின்றார். இடம் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக் கையைப் பிடித்தேன்.

"வாங்கம்மா, உள்ள ஒக்கார வைக்கிறேன்."

"வேண்டாம் தாயி. நா இங்கனயே நிப்பேன்."

"ஏன்?"

"அவன் முன்னால முட்டி போட்டு வருவான், நா பின்னாலயே வாரேன்னு சொல்லிருக்கேன். சொன்னது நடக்காம எந்த மொகத்தோட உள்ள போறது? திருவிழாவன்னிக்கு கொடிமரத்தத் தாண்டுறதில்ல."

"எத்தன வருசமா?"

"நீ சீட்டு எழுதிக் குடுத்த அம்புட்டு வருசமும்."

அவர் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். என் கை அவர் கையிலேயே இருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேண்டுதலில் மகனின் முட்டியைத்தான் நான் பார்த்தேன். இந்த அம்மாவின் இரண்டு முட்டிகளும் இதில் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்குச் சலிப்பு.

அருளப்பனைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து இழுத்து வந்தேன். அளக்கக் கருவி இல்லை, தேவையும் இல்லை.

"அம்மா, நூத்தி முப்பத்தஞ்சு. வந்துருச்சு" என்றேன்.

சூசையம்மாள் என் முகத்தையே பார்த்தார். போன வாரம்தான் நூற்று முப்பது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"எப்ப வந்துச்சு தாயி?"

இப்போது வந்தது என்று சொல்லியிருக்கலாம். அதையும் நம்பியிருப்பார்.

"ஆறு வருசம் ஆச்சும்மா."

ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சூசையம்மாள் மகன் பக்கம் திரும்பி, "ஏலே, வேட்டிய மடிச்சுக் கட்டு" என்றார்.

முற்றத்து வாசலிலிருந்து ஆரம்பித்தார் அருளப்பன். முதலில் வலது முட்டி, பிறகு இடது. சரளை நெறுநெறுத்தது. நான் பத்தடி தள்ளி நின்று, நார் இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து எண்ணு, விடு என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. ஜனம் விலகி வழிவிட்டது. பின்னால் சூசையம்மாள், எட்டுத் திருவிழா வெளியே நின்ற பிறகு, வளைந்த கால்களைத் தூக்கி வைத்துக் கொடிமரத்தைத் தாண்டினார். அருளப்பன் பீடத்தடியில் கையூன்றாமல் எழுந்து நின்றதைக் கோயில் கதவு வழியாகப் பார்த்தேன். நார் தாங்கியது. மூன்றாம் வருடமும் தாங்கியிருக்கும்.

நான் உள்ளே போகவில்லை. போக முடியவில்லை. கொடிமரத்தடியில் அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றேன்.

பூசை முடிந்து சூசையம்மாள் வெளியே வந்தார். என்னைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"இங்கன என்ன செய்யிற? வீட்டுல கறி ஆறுது, வா. ஒன்னயப் பெறகு வையிறேன்."

வீட்டுக்குப் போனோம். எனக்கு இலை போட்டு அவரே பரிமாறினார். வெஞ்சனம் போதுமா என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நோட்டை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே நூற்று முப்பத்தைந்து என்று எழுதினேன். மேலே உள்ளவற்றை அடிக்கவில்லை. நோட்டு இன்னும் அங்கேதான் அலமாரியில் இருக்கிறது, பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு அந்த அம்மா நாலு வருடம் உயிரோடு இருந்தார். முட்டி வலிக்கு என்னிடம்தான் வருவார். ஒவ்வொரு தடவையும் இன்றைக்காவது வைவார் என்று காத்திருப்பேன். "கரண்டு வையி தாயி" என்று மட்டும்தான் சொன்னார். வைதிருக்கலாம்.